தலைக்கு மேல் கலகம்

கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் போய்வருகிற எவருக்கும் அவரைத் தெரியும். பெயர் தெரியாது; தலை தெரியும். இரண்டு பக்கமும் மழித்து, நடுவில் ஒரு சாண் நிமிர்ந்து நிற்கும் முடி. போன மாதம் நீலம், இந்த மாதம் பச்சை. கறுப்புச் சட்டையில் மண்டை ஓடு, காதில் வளையம், கையில் தே தாரேக். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வரும் சுற்றுப்பயணிகள், இருட்டும்வரை பொழுது போகாமல் இவரைப் படம் எடுத்துக்கொள்வதுண்டு.

ஊர் வைத்த பெயர் கலர் மண்டை. அவர் தம்மைச் சொல்லிக்கொள்வது ‘பங்க்’. 1970களில் லண்டன் இளைஞர்கள் முடியை நட்டுவைத்துக்கொண்டு ஆரம்பித்த எதிர்ப்புக்கு, வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தின் பிரதிநிதி தாம்தான் என்று நம்புகிறார்.

“யாரைப்பா எதிர்க்கிற?”

“சிஸ்டத்த எதிர்க்கிறேன் அங்கிள்.”

அதற்குள் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். சிஸ்டத்துக்கு லேட்டாகக் கூடாது என்று ஓடிப்போய் ஏறிக்கொள்வார்.

இந்தத் தலை முடிதிருத்தும் கடையில் உருவாவதில்லை. ஒருமுறை போய்ப் பார்த்தார். நடுவில் மட்டும் விட்டு இரண்டு பக்கமும் வழிக்கச் சொன்னதும், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “பாதி வேண்டுதலா தம்பி? மீதி எந்தக் கோயிலுக்கு?” என்று பக்தியோடு கேட்டார். அந்த அண்ணனும் பிறகு பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இந்தியர் முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை 2009இல் நிறுத்தினார்கள். ஜவுளி, நகைக்கடைகளோடு சேர்த்து மூன்று துறைகளுக்கும் 7,500 பேர் என்று 2023இல்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பல கடைகளில் நாற்காலி இருந்தது, கை இல்லை. ஆகவே, ஆன்லைனில் ஒரு மெஷின் வாங்கிவைத்திருக்கும் நண்பன்தான் ஆஸ்தான கலைஞன். இடம், வீட்டின் பின்கட்டு. போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய கைலி. தலையை மூட பேரங்காடி பிளாஸ்டிக் பை.

சாயம் பூசுவதற்கு முன் கறுப்பை எடுக்க வேண்டும். பிளீச் பொடியை பெராக்சைடு கிரீமில் குழைத்துப் பூசுவார்கள். கிரீம் பாட்டிலில் 20, 30, 40 என்று வால்யூம் போட்டிருக்கும். 20 என்றால் ஆறு விழுக்காடு பெராக்சைடு, 40 என்றால் பன்னிரண்டு. விவரம் தெரிந்தவர்கள் குறைந்ததில் ஆரம்பித்துப் பொறுமையாகப் போவார்கள். நம்மவர் மோட்டாரிலும் பெரிய சிசி கேட்பவர், 40ஐ எடுப்பார். ஆனால் நம் கறுப்பு முடி அவசரத்துக்கு மசியாது. முதலில் செம்பட்டை, பிறகு ஆரஞ்சு, அதற்கப்புறம்தான் மஞ்சள். ஆரஞ்சு வரும்போது பொடி தீர்ந்துவிடும், அல்லது உச்சந்தலை எரிய ஆரம்பித்துவிடும். நள்ளிரவில் இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள். பழுத்த செம்பனைக் குலை பார்க்கிறது.

அந்தக் குலையைத் தாத்தா பார்ப்பது மறுநாள் காலையில். பெஸ்தாரி ஜெயா, பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்து மனிதர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று பெயர் பெற்ற தென்னமரம், 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே பயிரிட்டது, அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. குலை வெட்டியே காலம் கழித்த தாத்தாவுக்கு ஒரு கணக்கு உண்டு: அடியில் உதிரிப் பழம் கிடந்தால் குலை தயார். பேரன் படுத்திருந்த தலையணையை உற்றுப் பார்த்தார். பொசுங்கிய முடி கொத்தாகக் கிடந்தது. “உதிர ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கே வெட்டிடலாம்” என்றார்.

வெட்டவில்லை. ஆரஞ்சின்மேல் பச்சை ஏறியது. கலகக்காரரின் அடுத்த எதிரி ஹெல்மெட். 1973லிருந்து இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டாக வேண்டும். ஒரு மணி நேரம் ஜெல்லும் ஸ்பிரேயும் போட்டு நிமிர்த்தியதை ஹெல்மெட் ஒரே நிமிடத்தில் படுக்கவைத்துவிடும். அதற்காக அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டினால் போலீஸ்காரர் சம்மன் எழுதுவார். முழங்கை தப்பித்தது, தலைக்குத்தான் பாதுகாப்பில்லை என்பது போலீஸ்காரரின் வாதம்.

இத்தனையையும் தாங்கும் கலகம், அம்மாவின் காலண்டர் முன்னால் மட்டும் அடங்கிவிடும். அத்தை மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தலை கறுப்பாகும். நேர்காணலுக்கு முந்தைய இரவு நடு முடி படியும். தீபாவளி விடியற்காலையில் பச்சை முடியில் நல்லெண்ணெய் வழிய, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். “வேலை நிரந்தரமானா மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்” என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். தைப்பூசத்தன்று பத்துமலையில் வரிசையில் நிற்பார். பச்சையும் கறுப்பும் ஒன்றாகக் கூட்டித் தள்ளப்படும். மொட்டையில் சந்தனம் பூசியதும் பார்த்தால், பிளீச் செலவில்லாமல் அவர் இத்தனை நாள் தேடிய மஞ்சள்.

இவ்வளவு சாதுவான முடியைப் பார்த்தா அரசாங்கங்கள் மிரண்டன? 1972இல் சிங்கப்பூர், லெட் செப்பெலின் குழுவை நீளமுடிக்காகவே கச்சேரி செய்ய விடவில்லை. நீளமுடி ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அங்கே அரசு அலுவலகங்களில் அறிவிப்பு தொங்கியது. நம் நாட்டில் 1992இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட், நீளமுடி ராக் பாடகர்களுக்கு ஆர்டிஎம் திரையை மூடினார். ‘சர்ச்’ ஏமியும் ‘விங்ஸ்’ அவியும் முடியைப் பறிகொடுத்தார்கள்.

அப்பா மட்டும் என்ன? பினாங்கு அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம் சுருட்டை ஆப்ரோ முடியோடு மேடையேறிய காலத்தில், நேர்முடிக்காரரான அப்பா அந்தச் சுருட்டைக்காகப் பட்ட பாடு ஆல்பத்தில் இருக்கிறது. அதற்கும் முந்திய பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கியபோது முன்தலை மழித்துப் பின்னால் குடுமி வைத்திருந்தார்கள். அதைத்தான் இன்று திருப்பிவைத்துக் காசு வாங்குகிறார்கள்.

சனிக்கிழமை மாலை குளியலறைக் கதவு தட்டப்படும். உள்ளே அப்பா, பிஜென் பொடி குழைத்து நரையைக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பார். வெளியே மகன், கறுப்பை வெளுப்பாக்கக் காத்திருப்பார். பிரஷ் ஒன்றுதான்.

“இயற்கையா இருக்கிறத மாத்தாதடா” என்று உள்ளேயிருந்து உபதேசம் வரும்.

முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பச்சைக்கு அடியில் கறுப்பு எட்டிப் பார்க்கும். மறுபடி பொடி, மறுபடி எரிச்சல். கல்யாணம் ஆனால் பெட்ரோல் காசு பால்மாவுக்குப் போகும், பிளீச் காசு டயப்பருக்கு. முப்பத்தைந்து வயதில் நெற்றி தானாகவே மேலேறி, மழிக்கிற வேலையைக் குறைக்கும். அப்போது அவரைத் தமிழ்ப்பள்ளி வாசலில் பார்க்கலாம். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் ஊதாத் தலையோடு நிற்கும் பையன்களைக் காட்டி, பக்கத்தில் நிற்பவரிடம் நொந்துகொள்வார்:

“என்னா முடி இது, பாருங்கண்ணே. நாங்களும் கலர் அடிச்சோம். ஆனா பெரியவங்களுக்கு மரியாத கொடுத்து அடிச்சோம்.”