அட்ஜஸ்ட் அண்ணன்

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று அண்ணன் சொல்லிவிட்டாரா, முடிந்தது. இரண்டடி மீன்தொட்டி. அதற்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஆஸ்கார், மலாவி மஞ்சள் இரண்டு, பேரட் ஒன்று, ஜோடி என்று சொல்லி விற்கப்பட்ட ஏஞ்சல் இரண்டு. ஆறும் சிக்லிட் என்கிற மீன் குடும்பம். ஏஞ்சலும் சிக்லிட்தான் என்பது அண்ணனுக்குத் தெரியாது. அபிநயம் பிடிப்பதுபோல் நீந்துகிற மீன் அந்த அடிதடிக் குடும்பத்தில் பிறந்திருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், தொட்டிக்கு அண்ணன் பார்ப்பது ஒரே பொருத்தம். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் எடுப்பாக இருக்குமா? இருக்கும். புடவைக் கடையில் இது போதும். தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்றை வைத்துக்கொண்டு பிறக்கிற மீனுக்குக் கணப் பொருத்தமாவது பார்த்திருக்கலாம். பார்த்தால் முக்கால்வாசி ராட்சச கணம்தான் தேறும்.

அட்ஜஸ்ட் என்ற ஒரு சொல்லுக்குள் அண்ணன் பல நிலைகளை வைத்திருக்கிறார். முதல் நாள் மீன்கள் மூலைக்கு ஒன்றாக ஒதுங்கினால் "புது இடம்ல." மூன்றாம் நாள் துரத்தினால் "விளையாடுதுங்க." இரண்டு மீன் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுத்தால் "பாசத்தைப் பாருங்க." அது மல்யுத்தம். யார் பலசாலி என்று முடிவு செய்கிற முறை அது. வால் கிழிந்தால் "வளந்துடும்." வளரும்தான், மறுபடி கிழிபடுவதற்குள் அவகாசம் கிடைத்தால். ஒரு மீன் ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தீனிக்குக்கூட வெளியே வராவிட்டால் "கூச்ச சுபாவம், சில குழந்தைங்க அப்படித்தான்." கடைசியில் அது மல்லாந்து மிதக்கும்போது மட்டும்தான் வசனம் மாறும்: "தண்ணி சரியில்ல." சேர்த்துவைத்தவர் மேல் ஒரு சொல் விழாது. பழி எல்லாம் தண்ணீர் லாரிக்குப் போகும்.

இத்தனைக்கும் அட்ஜஸ்ட் என்பது கெட்ட சொல் இல்லை. ரயிலில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் ஒண்டிக்கொள்வது அந்தச் சொல்லின் புண்ணியத்தில்தான். ஆனால் அது செல்லுபடியாவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் இறங்க ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சிக்லிட்டுக்கு அது கிடையாது. ஒரு கல்லையோ மூலையையோ பிடித்து அதைத் தன் வீடு என்று அறிவித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்; முட்டையிட்டு, குஞ்சைக் காவல் காக்கிற குடும்பம் அது. இயற்கையில் தோற்ற மீன் விலகிப் போய்விடும், சண்டை அத்தோடு தீரும். விலகிப் போக இடம் இருக்கிறவரைக்கும்தான் அட்ஜஸ்ட் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலே 56 லிட்டர்தான் கொள்ளும். கல்லையும் மேலே விடுகிற இடைவெளியையும் கழித்தால் 45-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அண்ணன் வாங்கித் தந்த ஆஸ்கார் அமேசான் மீன். நன்றாக வளர்ந்தால் ஓரடி. ஓரடி மீன் ஓரடி அகலத்தில் எப்படித் திரும்பும்? இதற்கு விலங்கியல் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும்.

அண்ணனிடம் பதில் இல்லாமல் இல்லை. "கடையில எல்லாம் ஒரே தொட்டிலதானே இருந்துச்சு?" இருந்தது. கொளத்தூர் மீன்கடைத் தொட்டியில் இருப்பவை கட்டைவிரல் நீளக் குஞ்சுகள். வந்து சில நாள்கூட ஆகியிருக்காது, எதற்கும் அங்கே சொந்த மூலை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் பேர் சண்டையில்லாமல் நிற்கிறார்கள் என்பதற்காக அத்தனை பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிட முடியுமா? "மலாவி ஏரியில நூத்துக்கணக்குல ஒண்ணா இருக்கே?" இருக்கின்றன; ஏரியின் நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். "நிறையப் போட்டா சண்டை குறையும்னு வளக்கறவங்களே சொல்றாங்களே?" இது மட்டும் கொஞ்சம் கனமான வாதம். மலாவிப் பாறை மீன்களை நெருக்கமாக வைத்தால் அடி ஒரே மீன் மேல் விழாமல் பலருக்கும் பங்காகும் என்பது உண்மை. ஆனால் அதைச் செய்கிறவர்கள் நாலடி, ஐந்தடித் தொட்டியில், வலுவான ஃபில்டர் போட்டு, ஓர் ஆணுக்குப் பல பெண் என்ற கணக்கில், வாராவாரம் தண்ணீர் மாற்றிச் செய்கிறார்கள். அண்ணன் அதில் "நிறையப் போட்டா" என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"தண்ணி சரியில்ல" என்பதில்கூட ஒரு பாதி நியாயம் உண்டு, அவர் நினைக்கிற நியாயம் இல்லை. மலாவி மஞ்சளுக்குக் காரத்தன்மையுள்ள கடினநீர் வேண்டும். போர்வெல் தண்ணீரில் அது மினுமினுக்கும். அமேசான் பக்கத்து மீன்கள் மென்னீரில் பிறந்தவை. இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் யாருக்காவது தண்ணீர் சரியில்லாமல்தான் இருக்கும். நடுவில் பாவப்பட்ட ஜீவன் அந்த பேரட். மனிதர்கள் இணைசேர்த்து உருவாக்கிய கலப்பினம், வாயை ஒழுங்காக மூடக்கூட முடியாது. வாயால் சண்டை போடுகிற கூட்டத்தில் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அட்ஜஸ்ட் பண்ணு என்கிறார்.

சரி, ஒரே ஒரு ஜோடியை மட்டும் விட்டால்? அதற்கும் உத்தரவாதம் இல்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரென்ஸ், மூர்க்கத்தைப் பற்றி 1963-இல் எழுதிய நூலில் இந்த மீன்களைப் பேசுகிறார். முறைத்துக்கொள்ளப் பக்கத்துவீட்டுக்காரன் இல்லாவிட்டால் ஆண் மீனின் கோபம் மனைவி மேலேயே திரும்பும். (நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல தாம்பத்தியங்கள் நிலைத்திருப்பதன் ரகசியமும் இதுவாக இருக்கலாம்.) அதனால்தான் சின்னத் தொட்டிக்குச் சின்ன சாதி. நைஜீரியாப் பக்கத்து கிரிபென்சிஸ் ஒரு ஜோடி; ஒளிந்துகொள்ள, வாசல் வெட்டிக் கவிழ்த்த கொட்டாங்குச்சி இரண்டு; மேல்மட்டத்தில் நீந்துகிற சிறு மீன்கள் சில, முறைத்துக்கொள்வதற்கென்று. இல்லையா, தாங்கன்யீகா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்துகிற இரண்டங்குல மீன் இருக்கிறது. மணலும் ஆளுக்கொரு ஓடும் தந்தால் 45 லிட்டரில் ஒரு தெருவே உருவாகிவிடும். மீனுக்கு மீன் குணம் மாறும், சாதுவான ஆஸ்காரும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் குணத்தில் சாதுவாக இருப்பதால் நீளம் குறைந்துவிடாது. ஒரு ஜோடிச் சின்ன மீன் போதும் என்று அண்ணனிடம் சொன்னால், "ரெண்டு மீனுக்கா இவ்ளோ பெரிய தொட்டி?" என்பார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொள்ளலாம். சிரிக்க முடியாத ஓரிடம் இருக்கிறது. மீன் செத்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை அது எடுத்துக்கிச்சு" என்பார். வீட்டுக்கு வந்த கஷ்டம் எது, யார் கையில், எந்தக் கவரில் வந்தது என்பது தொட்டியில் இருந்த எல்லா மீனுக்கும் தெரியும். இரண்டு வாரம் ஒரு மூலையில் அடிபட்டுச் செத்த உயிருக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் வேலை கொடுத்து, அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அடுத்த மீனுக்குக் கிளம்புகிறாரே, அது விளையாட்டில் சேராது. இது கொடுமை.

ஆனாலும் அண்ணனை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே வருவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு தானும் விழுங்கி, கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் காபிக்கே உட்காருவார். உங்கள் வீட்டுக்கும் வருவார். வாளியோடு வந்தால் உள்ளே விடுங்கள். காற்றடித்து ரப்பர் பேண்ட் போட்ட பாலித்தீன் கவரோடு வந்தால் மட்டும் கதவைத் திறக்காதீர்கள்.