அந்தப் பக்கம் போனால் இனிஷியல் மாறும்

மாடி டியூஷன் சாருக்குச் சமக்குறி என்பது ஒரு வாசற்படி. அதைத் தாண்டினால் எண்ணுக்குக் குறி மாறும். ஏன்? "பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போனா இனிஷியல் மாறுதில்ல? அதுமாதிரிதாண்டா."

இருபது வருடமாக அந்த மாடியில் இதே கல்யாணம்தான். பலகையில் 3எக்ஸ் + 7 = 22 என்று விழுந்தவுடன் சார் பெண் வீட்டுக்காரர் ஆகிவிடுவார். "ஏழை அந்தப் பக்கம் அனுப்பு!" என்று அவர் போடும் சத்தத்தில், தெருவில் போகிறவர்கள் ஏதோ நிலத்தகராறு என்று நின்று பார்ப்பார்கள். ஏழு படி தாண்டும், மைனஸ் ஏழாகும், 3எக்ஸ் = 15, எக்ஸ் = 5. மங்களம்.

5எக்ஸ் − 4 = 2எக்ஸ் + 11 வந்தால் உற்சாகம் இரட்டிப்பு. அது பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. மைனஸ் 4 அங்கே போய் ப்ளஸ் ஆகும், 2எக்ஸ் இங்கே வந்து மைனஸ் ஆகும். 3எக்ஸ் = 15, மறுபடியும் 5. சார் முகத்தில் சம்பந்தி உபசாரம் முடித்த திருப்தி.

மாறி, மாறிலி, கெழு என்ற மூன்று சொற்களை முதல் நாள் பலகையில் எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு அவை தலைகாட்டுவதில்லை. கல்யாண வீட்டில் அவற்றுக்கு என்ன வேலை?

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், எங்க அக்கா கல்யாணம் ஆகியும் இனிஷியலை மாத்தலையே" என்றாள். சார் சாக்பீஸை மேசையில் தட்டினார். "பரீட்சைல இதெல்லாம் கேக்க மாட்டான். உக்காரு."

எரிச்சல் இங்கேதான் வருகிறது. அந்தக் கணக்கில் எந்த எண்ணும் எங்கேயும் போகவில்லை. தராசின் ஒரு தட்டிலிருந்து ஏழை எடுத்தால் மறு தட்டிலிருந்தும் ஏழை எடுக்க வேண்டும். முள் நடுவிலேயே நிற்கும். காய்கறிக் கடையில் நின்ற குழந்தைக்கு இது அரை நிமிடத்தில் புரியும். வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் சமக்குறிக்கு இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணமும், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதுதான். அதைப் போய் வாசற்படி ஆக்கினால்?

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா வந்தது. குறைந்ததை ஈடுசெய்து நேராக்குவது என்று பொருள். அதே வேரில் பிறந்த 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற சொல் பழைய ஸ்பெயினில் எலும்பு சேர்த்துக் கட்டுபவரைக் குறித்தது. நம்மூர் புத்தூர் கட்டுக்காரர் மாதிரி. சார் கையில் பட்டால் மட்டும் அது முறிக்கிற வைத்தியம்.

ஆனாலும் முழுக்கத் திட்ட மனம் வரவில்லை. இரண்டு நாள் வராத பையன் வீட்டு வாசலில் சாரின் டிவிஎஸ் 50 வந்து நிற்கும். ஃபீஸ் பாக்கிக்காக அல்ல. காய்ச்சலா என்று கேட்க. பாக்கியைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை.

போன வாரம் −3எக்ஸ் = 12 வந்தது. மைனஸ் 3 படி தாண்டியது, இனிஷியல் மாறி ப்ளஸ் 3 ஆனது, 12ஐ அதனால் வகுத்து எக்ஸ் = 4 என்று வகுப்பே எழுதியது. நாலைத் திரும்ப எக்ஸ் இருந்த இடத்தில் போட்டுப் பார்த்திருந்தால் மைனஸ் 12 வந்து காட்டிக் கொடுத்திருக்கும். போட்டுப் பார்க்கிற வழக்கம்தான் அங்கே கிடையாதே.

"மைனஸ் நாலுடா!" சார் கத்தினார். "கூட்டல் கழித்தல்ல இருந்து போனாத்தான் குறி மாறும். பெருக்கல்ல இருந்து போனா வகுத்தல் ஆகும், இனிஷியல் மாறாது!"

எட்டாம் வகுப்புப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப எங்க அக்கா பெருக்கல்ல இருந்து போயிருக்கா சார்."

சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை ஆக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. "சரி, இன்னிக்கு இது போதும்" என்று பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.