பெஞ்சுக் கட்சிகள்

வண்டலூர் தாண்டி ஃப்ளாட் வாங்கினால் வயதான காலத்தில் ஏகாந்தமாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் ஒரு பில்டராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வளாகத்தில் ஏகாந்தம் காலை ஐந்தரை மணி வரைதான். அதற்குமேல் பிள்ளையார் கோயில் பெஞ்சு நிறைந்துவிடும்.

பெஞ்சில் யாருக்கும் பெயர் கிடையாது. பி-304 ரயில்வே, ஏ-102 எல்.ஐ.சி., அவ்வளவுதான். ஆனால் யாருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்பது தசமப் புள்ளியோடு தெரியும்.

வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பி இங்கே யாரும் சிநேகிதமானதில்லை. அதற்குச் சண்டை வேண்டும். ரயில்வேயும் எல்.ஐ.சி.யும் தண்ணீர் லாரிச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்பதில் பொதுக்குழுவிலேயே பேச்சை முறித்துக்கொண்டவர்கள். அதற்காக யாரும் பெஞ்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு முனை, நடுவில் தபால் நிலையமாக நான். "சார், தனி ஆளா இருக்கறவன் எதுக்கு நாலு பேர் குளிக்கிற தண்ணிக்குக் காசு கொடுக்கணும்னு அவர்கிட்ட கேளுங்க" என்பார் ரயில்வே. அவர் காதில் அது ஏற்கெனவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் மரபு.

நவம்பர் வந்தது. பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டிய மாதம். ரயில்வேக்கு விரல் ரேகை தேய்ந்துபோய், இயந்திரம் அவரை ஏற்க மறுத்துவிட்டது. 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே லைஃப் சர்டிபிகேட் வாங்கிவிடலாம். ஆனால் பெஞ்சில் அந்த வித்தை தெரிந்தவர் எல்.ஐ.சி. ஒருவர்தான். ரயில்வேயின் மகன் சிகாகோவில் இருந்தான்.

எல்.ஐ.சி. எழுந்து வந்து போனை நீட்டினார்.

"கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க, சார்" என்றார் என்னிடம்.

சிமிட்டினார். வேலை முடிந்தது.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு உயிரோட இருக்காராம். தண்ணி லாரி பாக்கியைக் கட்டச் சொல்லுங்க."

ஒருநாள் ரயில்வே பெஞ்சுக்கு வரவில்லை. பி-304 வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறதா என்று பார்த்துவரச் செக்யூரிட்டியை விரட்டியவர் எல்.ஐ.சி.தான். வெறும் ஜலதோஷம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம்: அப்பாவுக்குப் பேச்சுத்துணை வேண்டுமென்று கிளப் ஹவுஸும் யோகா வகுப்பும் தேடாதீர்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு அனுப்பி, எதையாவது எதிர்க்கச் சொல்லுங்கள்.