குலசாமிக்கு ஆர்.எல். உண்டா?

தமிழக அரசு ஊழியருக்கு வருடத்தில் 3 நாள் மத விழா விடுப்பு உண்டு. வாத்தியார் பாஷையில் அது ஆர்.எல். அந்தப் பட்டியலில் வரலட்சுமி நோன்பும் சாம்பல் புதனும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆடிப்பெருக்கும் உண்டு. ஆறு பெருகுவதைப் பார்க்க விருதுநகர் மாவட்டத்து நரிக்குடிக்காரர் குண்டாற்றுக்குப் போனால், மணலாவது மிச்சமிருக்கிறதா என்று எண்ணிவிட்டு வரலாம்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். கலெக்டர் விருதுநகர் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார். தேர் ஓடுவது மேற்குக் கோடியில், நரிக்குடி இருப்பது கிழக்குக் கோடியில். ஆனாலும் இங்கே பள்ளி மணி அடிக்காது. அந்தக் கடனை ஒரு சனிக்கிழமை வந்து அடைக்க வேண்டும்.

மாசி சிவராத்திரிதான் வேடிக்கை. திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்களெல்லாம் வேன் பிடித்துக் குலசாமி கோயிலில் வந்து இறங்குவார்கள். அரசின் பொது விடுமுறைப் பட்டியலுக்கு அந்தச் சாமிகளோடு அறிமுகமில்லை. வாத்தியார் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவார். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு ஆர்.எல். ஏது? அவன் பாட்டுக்கு வராமலிருப்பான்.

"ஏன்டா நேத்து வரல?"

"சாமி கும்பிடப் போனோம் சார். நீங்களும் அங்கனதான நின்னீங்க?"