திம்புள்ள வட்டார ஆட்டோக்களில் இடப்பக்கப் படங்கு சுருட்டும் மரபு: ஒரு முன்னாய்வு

தேயிலைக்கு 1925இலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. இலை, வேர், மண், பூச்சி என்று ஒன்றையும் அங்கே விட்டுவைக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிப்பவரை மழையில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோவின் இடப்பக்கப் படங்கை இன்றுவரை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி நான்கு விரற்கடை அகலம், முழங்கால் உயரத்தில் உள்ளது, சாரல் அதன் வழியாகத்தான் வருகிறது.)

ஆய்வெல்லை, ஹட்டன் – நுவரெலியா வீதியில் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட பகுதி, பத்தனைச் சந்தி உட்பட. ஆய்வுக்காலம், மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவம். ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் காய்ந்த குளிர்காற்றில்தான் திம்புள்ளத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறும். படங்குக்கு அது ஓய்வு காலம். மலையகத்து மக்களின் துயரை ஆராய வருவோருக்கும் அதுவே உகந்த காலமாக இருந்துவருகிறது.

கோட்பாட்டுச் சட்டகம் இல்லாத கட்டுரையை ஒருவரும் மதிப்பதில்லை என்பதால் சற்றுக் கடலுக்குப் போய் வருவோம். சிறு பாய்ப்படகுகளில் முன்பாயைச் சுருட்ட ஓர் உருளை பொருத்துவார்கள். பாய் விரியும்போது கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் உருளை திரும்பி, பாய் முன்கம்பியைச் சுற்றிச் சுருண்டுவிடும். அலையடிக்கும் முன்னணியத்துக்கு ஆள் போக வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆட்டோவிலும் சாரதி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை. பயணியைச் சுருட்டச் சொல்கிறார். ஒப்பீடு இத்துடன் நிறுவப்பட்டது.

இனி, படங்குக்கான துணியின் தெரிவு. றெக்சின்: நல்லது, விலை கூட. பொலித்தீன்: ஒரு பருவத்துக்கு. லொறிப் படங்கு: ஆட்டோவைவிடக் கனம். தேர்தல் பதாகை: இது தனி அத்தியாயத்துக்கு உரியது. வேட்பாளர் கும்பிட்ட கையோடு உள்நோக்கித் தொங்குகிறார். வாக்களித்தவர் நனையாமல் வீடு சேர்கிறார். வாக்குறுதி நிறைவேறியதற்கு இவ்வட்டாரத்தில் எமக்குக் கிடைத்த ஒரே பௌதிகச் சான்று இது.

பொருத்தும் முறைக்கு ஒரு வரி போதும். மேலே கம்பி, கீழ் நுனியில் குழாய், கட்டச் சைக்கிள் டியூப், வெல்க்ரோவை நம்பாதீர்.

உண்மையான சிக்கல் சுருட்டும் திசை. இதில் இரு மரபுகள் உள்ளன. வெளிச்சுருட்டலில், படங்கின் மடிப்பு வெளியே பார்த்திருப்பதால் மழைநீர் அதில் தேங்கி, அவிழ்க்கும்போது மொத்தமாகப் பயணியின் மடியில் இறங்கும் (வாய்மொழிச் சான்று: முதலாம் சாரதி, பத்தனைச் சந்தி). உட்சுருட்டலில் நீர் தேங்காது. ஆனால் நனைந்த முகம் உள்ளே வருவதால் பிடரியில் சொட்டும் (இரண்டாம் சாரதி, முதலாமவரை மறுத்து, ஹோர்ன் அடித்தபடி). “எப்படிச் சுருட்டுனாலும் நனையத்தான் சேர் செய்யும், ஏறுங்க” என்பது சமரசவாதிகள் நிலைப்பாடு (மூன்றாம் சாரதி, இரண்டாமவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த வேளையில், ஸ்பெயார் டயரைத் தொட்டுச் சத்தியம் செய்து, ஒப்புநோக்குக: அதே சாரதி, இரண்டாமவர் திரும்பி வந்த பின், முற்றிலும் மாறாக, மேலும் காண்க: இருவரையும் நோக்கி முதலாமவர் காட்டிய சைகை, அச்சிடத் தகாதது). ஆக, நனைப்பதில் இரு மரபுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நனைய வேண்டிய உறுப்பு எது என்பதில்தான் வடகலை, தென்கலை.

பாய்ப்படகுக்காரர்கள் இந்த வழக்கை எளிதில் தீர்த்துவிட்டார்கள். பாயின் ஓரத்தில் வெயில் தாங்கும் பட்டி ஒன்றைத் தைத்து, சுருட்டும்போது அது வெளியே வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வெயிலுக்குக் கண்ட தீர்வை ஆடி மாதத்துத் திம்புள்ளைக்குப் பரிந்துரைப்பது அறமாகாது. பிற துறைகளில் அப்படிப் பரிந்துரைப்பதற்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெளிச்சுருட்டலின் விளைவை அளக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. லயங்களை ஆராய வந்த அறிஞர் ஒருவர், பருவம் தப்பி வந்த காரணத்தால், பத்தனையில் ஏறி இரண்டாவது வளைவிலேயே படங்கை அவிழ்த்தார். மடியிலிருந்த வினாக்கொத்துகள் அனைத்தும் நனைந்து மை கரைந்தன. முடிவுரைக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. அதை அவர் கொழும்பிலேயே எழுதிவைத்துவிட்டு வந்திருந்தார்.

வலப்பக்கப் படங்கு இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை. அது நிரந்தரமாகத் தைத்து மூடப்பட்டிருப்பதால் சுருட்ட வேண்டியதில்லை, அவிழ்க்க வேண்டியதில்லை, நனைய வேண்டியதுமில்லை. ஆராய்வதற்கு அதில் எதுவுமே கிடையாது. கலாநிதிப் பட்டத்துக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.