பதினாறு மணி நேர விளக்கு

எங்கள் நாமக்கல் பள்ளிகளைப் ‘பிராய்லர் பள்ளிகள்’ என்று எழுதுகிறவர்களுக்குக் கோழியும் தெரியாது, ஊரும் தெரியாது. பிராய்லர் பல்லடத்துச் சரக்கு. இங்கே முட்டைக்கான லேயர். ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடத்தில் கோழி நிற்கும். நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டினால் முட்டை குறையாது. கூண்டின் தரை சரிவு என்பதால் இட்ட முட்டை உருண்டு வெளியே போய்விடும். கோழிக்கு அதைத் திரும்பிப் பார்க்கும் வேலையே இல்லை. விடுதி கட்டியவர்கள் இந்தச் சாஸ்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காலை 5 மணிக்கு லைட்டைப் போட்டால் இரவு 11 மணிக்குத்தான் அணைப்பார்கள். கோழிக்கு இரண்டு மணி நேரம் குறைத்திருக்கிறார்கள். செத்தால் முதலுக்கு நட்டமாயிற்றே.

2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவக் கல்லூரிச் சாவி. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடம் அரைத்தார்கள். 1200-க்கு 1180 வாங்கிய பிள்ளையிடம் கணக்கில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள், வீட்டில் இழவு விழுந்ததுபோல் பார்ப்பான். 2017-இல் நீட் வந்தது. பண்ணைக்காரர்கள் தீவனத்தை மாற்றினார்கள், கூண்டு அதேதான். பூட்டிய புத்தகத்தைத் திறக்க வைப்பதற்காக அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பீரோச் சாவி எங்கே என்று முதலாளிகளுக்கு இன்னும் மறந்திருக்காது.

இப்போது, சாட்ஜிபிடி வந்து பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று இதே ஆட்கள் மேடையில் கண்ணைக் கசக்குகிறார்கள். கெடுக்க மிச்சம் வைத்திருந்தீர்களா, ஐயா? எங்கோ பார்த்த கேள்விக்கு எங்கோ பார்த்த பதிலைச் சந்தேகமே இல்லாமல் கொட்டுகிற வேலையைத்தானே நீங்கள் லட்ச லட்சமாக வாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் தூக்கத்தைத் திருடிப் பழக்கினீர்கள்? இயந்திரம் அதைச் சும்மா செய்கிறது. 2025-இல் ஏர்டெல் பெர்ப்ளெக்ஸிட்டியை ஒரு வருடம் இலவசமாகக் கொடுத்தது. ஜியோ ஜெமினியைக் கொடுத்தது. ஓப்பன்ஏஐ தன் பங்குக்குச் சாட்ஜிபிடி ‘கோ’ திட்டத்தை ஓராண்டுக்கு இலவசமாக விட்டது. உங்கள் கண்ணீர் பிள்ளைகளுக்காக அல்ல, வியாபாரத்தில் போட்டி வந்துவிட்டதே என்று.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். கையால்தான் எழுத வேண்டும் என்பது கல்லூரிச் சட்டம். பையன் இயந்திரத்திடம் விடை வாங்கி, கோடு போட்டு, தலைப்புக்குப் பச்சை மையில் அடிக்கோடிட்டு, நாற்பது பக்கம் முத்து முத்தாகப் பார்த்தெழுதியிருக்கிறான். யோசிப்பது இயந்திரம், பிரிண்டர் மனிதன். “உங்களுக்கு ஒரு எடுத்துக்காட்டு தரட்டுமா?” என்று அது கடைசியில் கேட்டிருந்ததையும் விடாமல் எழுதியிருந்தான். அதற்கும் சிவப்பு மையில் டிக்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் துருக்கியில் ஏறக்குறைய 1000 பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தி 2024-இல் வெளியிட்டார்கள். கேட்டதையெல்லாம் சொல்லும் இயந்திரத்தோடு பயிற்சி செய்தவர்கள், இயந்திரமே இல்லாமல் பயிற்சி செய்தவர்களைவிட பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்ததும், இயந்திரமே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைந்துபோனார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அடக்கி வைத்த இயந்திரத்தோடு படித்தவர்களுக்கு அந்தச் சேதம் இல்லை. அப்படி விடையைச் சொல்லாமல் பிள்ளையை முழிக்க விடும் வாத்தியார் ஒருவர் எங்கள் பக்கம் வேலைக்குச் சேரட்டும், மாதத் தேர்வு முடிவதற்குள் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் ராசிபுரம் பக்கம் எங்கள் காட்டில் போர் போட்டோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி. டிரில்லருக்கு ஐம்பது வயதிருக்கும், எட்டாவதைத் தாண்டாதவர். குழியிலிருந்து புகையாகக் கிளம்பிய பாறைத் தூளை உள்ளங்கையில் பிடித்து, விரலால் தேய்த்து, கம்ப்ரசர் சத்தத்துக்குக் காது கொடுத்து, “நிறுத்துப்பா” என்றார். இன்னும் பத்தடி போயிருந்தால் துளைக்கும் பிட்டு குழிக்குள் மாட்டியிருக்குமாம். அக்கா மகன் விடவில்லை. போனில் அந்த இயந்திரத்திடம் கேட்டு, இந்த மண்ணுக்கு 700 அடி வரை தாராளமாகப் போகலாம் என்று வாசித்துக் காட்டினான்.

அவர் கோபப்படவில்லை. “ஏங் கண்ணு, அது இதுவரைக்கும் எத்தன பிட்டக் குழிக்குள்ள உட்டுட்டு வந்துருக்குது? நான் மூணு உட்டவனாக்கும். மொதப் பிட்டுக்கு மொதலாளி அடிச்ச அடி இன்னும் முதுவுல இருக்குது.”

டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “ஏனுங், உங்களுக்கு அந்த விடுதிப் பள்ளிக்கூடத்துல யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா? எம்பையனப் பதினொன்னு சேத்தோணும். சீட்டு இல்லீங்கறாங்க. பணம் ரெடியா வெச்சிருக்கறேன். இந்த ரிக்குப் பொழப்பு என்னோட போவட்டுங்.”