கூடத்தில் எத்தனை மாடன்?

பொங்கல் லீவுக்கு வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள். ஒருவர் பஜ்ஜி கேட்கிறார், ஒருவர் சார்ஜர் கேட்கிறார். இதற்கு நடுவே ஒரு மாய உலகத்தையும் அதற்கொரு நாயகியையும் எப்படி உருவாக்குவது?
— ஒரு வாசகி, முதலியார்பேட்டை, புதுவை

உங்கள் ஊரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! பாரதியின் ‘குயில் பாட்டு’ தொடங்குவதே புதுவை மாந்தோப்பில், வேடர்கள் வராத ஒரு விருந்து நாளில்தான். தோப்பு முத்தியால்பேட்டையில் இருந்தது என்பது ஊர் வழக்கு. பாடும் குயிலுக்குக் குரங்கு ஒரு காதலன், கிழக்காளை இன்னொரு காதலன். முற்பிறப்பிலோ அவள் வேடர் தலைவன் மகள். மாமன் மகன் மாடன் ஒரு பக்கம், வீட்டார் பார்த்த மாப்பிள்ளை நெட்டைக் குரங்கன் மறுபக்கம், நடுவில் சேர இளவரசன். சொந்தக்காரர்கள் இல்லாவிட்டால் அதில் கதை ஏது? கூடத்தை எட்டிப் பாருங்கள்; உங்களுக்கு எத்தனை மாடன் தேறுகிறார்?

எழுதி முடித்ததும் மாமா, “இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்பாரே?

பாரதி அந்த வேலையைப் புலவர்கள் தலையில் கட்டிவிட்டார்: வேதாந்தமாகப் பொருள் சொல்ல இடமிருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்று. மாமா கையில் ஒரு துண்டுக் கரும்பைக் கொடுத்துவிட்டு அதையே கேளுங்கள். மென்று முடிப்பதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும்.